கல்லாவுக்கு முன்னால் நிற்பவரின் உரிமை

   

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில் நாம் வாழ்கிறோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆலைகளைச் சுற்றி உணவகங்களும் மளிகைக் கடைகளும் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளும் பெருகின. ஆலை வேலை என்றும் நிலைக்கும் என்று எண்ணியவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு ஒரு பாடத்தைக் கற்பித்தது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை அவ்வாண்டு நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். இயந்திரத்தோடு மட்டுமே பழகியவர், மறுநாள் மனிதர்களோடு பழகும் தொழிலுக்கு வர நேர்ந்தால் என்ன செய்வார்? இக்கேள்வியை நாம் ஒவ்வொருவரும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அண்மையில் ஒரு செல்போன் கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். இரவு ஷிப்ட் முடித்த வடமாநிலத் தொழிலாளி ஒருவர், பழுதுபார்க்கக் கொடுத்த செல்போனைக் கேட்டு வந்து நின்றார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளை தலையை நிமிர்த்தாமலேயே "நாளைக்கு வா" என்றான். அவர் மூன்றாம் முறையாக வந்திருந்தார். ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்புவதும் அவளுடைய குரலைக் கேட்பதும் அந்தச் செல்போனில்தான். சற்று நேரத்தில் காரில் வந்து இறங்கிய ஒருவருக்கு அதே பிள்ளை எழுந்து நின்று நாற்காலி போட்டான். அவன் கெட்டவன் அல்லன். அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சகோதரர்களே! குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்தார்கள். அவர்களைக் கவனியாது முகம் திருப்பியதற்காக இறைவன் தன் தூதரையே கண்டித்து 'அபஸ' அத்தியாயத்தை அருளினான். முகம் கடுத்ததைப் பார்க்க இயலாதவர் விஷயத்திலேயே இப்படியென்றால், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர் விஷயத்தில் நாம் எவ்வளவு பேணுதலாக இருக்க வேண்டும்!

வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறையைப் புதியவர் எவ்வாறு கற்பது? நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, முழுமையாகக் கேட்பது. வந்தவரை நிமிர்ந்து பாருங்கள். கையில் வேறு வேலை இருந்தால் "இதோ வருகிறேன்" என்றாவது சொல்லுங்கள். அவர் பேசி முடித்த பின், புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நீங்கிவிடும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மக்கள் நம் கடைகளுக்கு வருகிறார்கள். விலை, நேரம், நலம் விசாரிப்பு ஆகியவற்றுக்கான பத்து இந்திச் சொற்களை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

இரண்டாவது, குறையை மறைக்காதிருப்பது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என நபியவர்கள் எச்சரித்தார்கள். போலி உதிரிபாகத்தை அசல் என்று விற்பதும், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதும் அந்த ஈரத்தை உள்ளே மறைப்பதே. "எனக்குத் தெரியவில்லை, முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது புதியவருக்கு இழுக்கல்ல.

மூன்றாவது, வாக்கைக் காப்பது. "நாளைக்கு" என்பது வாக்கல்ல. "நாளை மாலை 5 மணிக்கு" என்பதே வாக்கு. கொடுத்த வாக்கை ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால், அவர் அலைந்து வருமுன் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, கோபத்தைத் தாங்குவது. நபி (ஸல்) அவர்களுக்கு ஒட்டகம் கடன் கொடுத்த ஒருவர் கடுமையாகப் பேசிக் கேட்டார். தோழர்கள் சினந்து எழுந்தனர். அவரை விட்டுவிடும்படியும், உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்றும் நபியவர்கள் கூறி, கொடுத்ததைவிடச் சிறந்த ஒட்டகத்தை வழங்கச் செய்தார்கள். இதில் முறை முழுவதும் அடங்கியுள்ளது: முதலில் பேச விடுதல், பின் அவர் உரிமையை ஏற்றல், பின் குறையை நிறைவாகத் தீர்த்தல்.

நாட்டின் சட்டமும் இவ்வுரிமையைப் பேசுகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. குறையுள்ளவர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் சட்டத்துக்கு அஞ்சுபவர் புகார் வரும்போதுதான் திருந்துவார். இறைவனுக்கு அஞ்சுபவர் புகார் வருமுன்பே திருந்துவார்.

ஆலையில் பணிபுரியும் சகோதரர்களே! அடுத்த பிரிவில் வேலை செய்பவரே உங்கள் வாடிக்கையாளர் என்று ஜப்பானியத் தர அறிஞர் கவோரு இஷிகாவா போதித்தார். எனவே இப்பாடம் கடைக்காரருக்கு மட்டுமன்று. குறையுள்ள பாகத்தை அறிந்தே அடுத்தவருக்குத் தள்ளிவிடுபவரும் ஈரத்தை மறைத்தவரே.

பெற்றோர்களே! வேலைக்குப் போய் வரும் பிள்ளையிடம் "இன்று எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்கிறோம். இனி, "இன்று யாராவது மனம் நொந்து திரும்பினார்களா?" என்றும் கேளுங்கள். அந்தச் செல்போன் கடைப் பிள்ளையிடம் தனியே அமர்ந்து பேசினேன். அவன் மௌனமாகக் கேட்டான்; பிறகு அத்தொழிலாளியின் எண்ணைத் தேடி எடுத்தான்.

நம் சம்பாத்தியத்தைத் தூய்மையானதாகவும், நம் நாவைக் கனிவானதாகவும் வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.