பெட்டிக்கு யார் காசு கொடுப்பது?



புதுக்கடை நீதிமன்றப் பக்கத்துச் சந்துகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் தாமரைக் கோபுரம் தெரியும். 350 மீற்றர் உயரம். 2019 செப்டெம்பரில் விழா எடுத்துத் திறந்தார்கள். சனம் டிக்கட் எடுத்து ஏற 2022 செப்டெம்பர் ஆகிவிட்டது. தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் பொதுவான ஒளிபரப்புக் கோபுரம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். அதற்குக் கீழே உள்ள தோட்டங்களில் தகரக் கூரைமேல் இன்னும் பழைய அலுமினிய அன்டெனாதான். காற்று அடித்த மறுநாள் ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்புவார். "இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு, பழையபடி திருப்புங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

அந்த அன்டெனாவுக்கு வருவது அனலொக் அலை. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினியும் தொடங்கிவைத்த முறை. இதில் ஓர் அலைவரிசைக்கு ஒரு சேனல்தான். அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் செய்தி கேட்கும். டிஜிட்டலில் அதே இடத்தில் பல சேனல்கள் அடங்கும், படமும் துலக்கம். ஆனால் அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் புள்ளியும் இல்லை, படமும் இல்லை. திரை உறைந்து நின்றுவிடும்.

டிஜிட்டலுக்கு மாற, முதலில் ஐரோப்பிய முறைக்குப் போவதாக இருந்தோம். பிறகு 2014 செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது ஏறத்தாழ 1,370 கோடி யென் கடனுக்கு ஒப்பந்தமானது. கூடவே ஜப்பானிய முறையும் வந்தது. சுனாமி எச்சரிக்கையை நேரே டீவிக்கு அனுப்பும் வசதி அதில் உண்டு. 2004ஐப் பார்த்த நாட்டுக்கு அது சின்ன விசயமில்லை. வேலை இழுபட்டது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாம் கைவிரித்ததும் ஜப்பானியக் கடன் திட்டங்களும் நின்றன. 2024இல் அவற்றை மறுபடி தொடங்க ஜப்பான் இணங்கியபோது இதுவும் பட்டியலில் இருந்தது.

கோபுரத்துக்கும் கருவிகளுக்கும் கடன் கிடைக்கும். வீட்டுக்குள் வைக்கிற பெட்டிக்கு? அனலொக்கை நிறுத்திய மறுநாள், டிஜிட்டல் ட்யூனர் இல்லாத டீவி ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டொப் பெட்டி வேண்டும். சலூனில் தொங்குகிற டீவிக்கும், ஆச்சியின் அறையில் இருக்கிற இரண்டாவது டீவிக்கும் சேர்த்துத்தான். வசதியுள்ளவர்கள் ஏற்கெனவே டிஷ் பூட்டி மாதாமாதம் ரீலோட் போடுகிறார்கள். அவர்களுக்கு இந்த மாற்றம் தெரியவே போவதில்லை. டிஷ்ஷுக்குக் காசில்லாமல் அன்டெனாவை நம்பி இருக்கிற வீட்டின் தலையில்தான் செலவு விழும். இந்தக் கணக்கை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இதே மாற்றத்தின்போது அமெரிக்கா, பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு என்று 40 டொலர் கூப்பன் கொடுத்தது. 2009 ஜனவரியில் கூப்பனுக்கு ஒதுக்கிய காசு முடிந்து சனம் காத்திருப்புப் பட்டியலில் நின்றது. அதனால் பெப்ரவரியில் நிறுத்த இருந்த அனலொக்கை ஜூன் 12 வரை தள்ளிப்போட்டார்கள். ஜப்பான் 2011 ஜூலை 24இல் நிறுத்தியது. நிலநடுக்கம் உலுக்கிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை தவணை. வறிய வீடுகளுக்கு அங்கே ட்யூனரை இலவசமாகவே கொடுத்தார்கள். கடன் தந்த நாடே அப்படிச் செய்திருக்கும்போது, அதை இங்கே கேட்பதில் என்ன கூச்சம்? அனலொக் விட்டுப்போகிற அலைவரிசைகளை அரசு தொலைபேசிக் கொம்பனிகளுக்கு விற்கலாம். பல நாடுகளில் அதுதான் நடந்தது. அந்த வருமானத்தில் ஒரு பங்கைப் பெட்டிக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு நாள் குறிக்கட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். முதலாம் குறுக்குத்தெருவில் டீவி வாங்கப் போனால் 'டிஜிட்டல்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்த முறை ட்யூனர் என்று கேளுங்கள். வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் டீவியில் ஐரோப்பிய முறை இருக்கக்கூடும். அதற்கும் இங்கே தனிப் பெட்டி தேவைப்படலாம். 'டிஜிட்டல் அன்டெனா' என்று விலை கூட்டிச் சொன்னால் வாங்காதீர்கள். கூரையில் உள்ள யூ.எச்.எஃப். அன்டெனா நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். பழைய குண்டு டீவியையும் அவசரப்பட்டு இரும்புக்காரருக்குப் போட வேண்டாம். பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதற்கேற்ற பெட்டியைக் கொழுவி இன்னும் சில வருசம் ஓட்டலாம்.