அடிகளார் காட்டிய அமைதி நெறி

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தின் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘வெதுரு’ என்றால் தெலுங்கில் மூங்கில். ‘குப்பம்’ தமிழர்க்குப் பழகிய சிற்றூர்ப் பெயர். அடுத்தடுத்து வாழ்வோரிடையே சொற்கள் எளிதிற் கலந்துவிடுகின்றன. மனங்கள் கலப்பதற்கோ முயற்சி வேண்டும். மொழிக்குப் பொருந்தும் இவ்வுண்மை சமயத்திற்கும் பொருந்தும். அம்முயற்சியைத் தம் கடமையாக மேற்கொண்டவர் குன்றக்குடி அடிகளார்.

1925ஆம் ஆண்டிற் பிறந்த அடிகளார், 1952 முதல் 1995இல் மறையும்வரை, காரைக்குடியை அடுத்த குன்றக்குடியில் திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைவராக விளங்கினார். சைவ மடமொன்றின் தலைவரான அவர், கடவுளை மறுத்த பெரியாரோடும் நட்புப் பூண்டார். இருவரும் தத்தம் கொள்கையை விட்டுவிடவில்லை; ஆயினும் மதித்துப் பழகினர்.

அவர்தம் நெறிக்குப் பெருஞ்சோதனை 1982 மார்ச்சில் வந்தது. குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், பகவதியம்மன் கோயில் கடலருகே அமைந்துள்ளது. அயலிலேயே கிறித்தவ மீனவர் வாழ்கின்றனர். மாசிக் கொடை விழாக் காலத்தில் மூண்ட பூசல், துப்பாக்கிச் சூட்டுக்கும் உயிரிழப்புக்கும் காரணமாகி, அண்டை ஊர்களிலும் பரவியது. காரணங்களை ஆராய நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அரசு அமைத்தது. ஆயின், முகங்கொடுத்துப் பேசாத அயலாரைப் பேசவைப்பது ஆணையத்தால் ஆவதோ? அடிகளார் நேரிற் சென்றார். இருதிறத்து மக்களையும் கண்டு அமைதிக்குப் பாடுபட்டார். இந்து, கிறித்தவ, இசுலாமியப் பெரியோர் ஒருங்கிருந்து பேசுவதற்குத் திருவருட் பேரவையையும் வளர்த்தார். தமிழக அரசின் முதல் திருவள்ளுவர் விருது 1986இல் அவருக்கே வழங்கப்பெற்றது.

சமய உரையாடல் என்பது எல்லாச் சமயமும் ஒன்றே என்று மேடையில் முழங்குவதன்று. நம்மால் அயலார்க்கு நேர்ந்த குறையை அவர் வாயாற் கேட்கும் பொறுமையே அதன் முதற்படி. குற்றம் புரிந்தோரைச் சட்டம் விசாரிக்கட்டும். ஆனால், விசாரணை முடிந்தபின்னும் அதே தெருவில், அதே கரையில் மக்கள் சேர்ந்து வாழவேண்டுமன்றோ?

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே! நும் ஊரில் திருவிழா வருமுன், ஊர்வலம் செல்லும் வழியையும் ஒலிபெருக்கி வைக்கும் நேரத்தையும் அயலாரோடு கூடியமர்ந்து முடிவு செய்யுங்கள். பூசல் மூண்டபின் பேசுவதற்குத் துறவியின் துணிவு வேண்டும். மூளுமுன் பேசுவதற்கு நல்ல அயலாராக இருந்தாலே போதும்.