களிம்பும் கவசம்தான்!

புளியும் சாம்பலும் கையுமாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

'பழைய காசுக்கு அழகு பளபளப்பா? படிந்த பச்சையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "வெள்ளிக்கிழமை ஆனா குத்துவிளக்கைத் துலக்குறோமே, ரோமாபுரிக் காசைத் துலக்கினா என்ன தப்பு?" என்று கேட்டாங்க. நீங்க கைதட்டினீங்க. அம்மா, உங்க விளக்கில் இருப்பது ஏழு நாள் அழுக்கு. அந்தக் காசு மண்ணுக்குள்ள கிடந்தது 1,900 வருஷம்! இரண்டுக்கும் ஒரே நாரா?

அந்தப் பச்சைக்கு மேல்நாட்டில் ஒரு பேர் வச்சிருக்கான். 'பாட்டினா'. பாட்டின்னா முகத்தில் வயசு தெரியத்தானே செய்யும்! தேங்காய் நாரால தேய்ச்சா பாட்டி குமரி ஆயிடுவாளா? (சிரிப்பு)

ஒரு காசைப் பார்ப்போம். நீரோ மன்னன். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்போம்; அன்றைக்குப் பிடிலே கிடையாது, அது போகட்டும். கி.பி. 64 வாக்கில் அவன் வெளியிட்ட பித்தளைக் காசு, செஸ்டர்ஷியஸ். எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு பக்கம் அவன் தலை. மறு பக்கம் ஓஸ்தியா துறைமுகம். ஒன்றரை அங்குலம்கூட இல்லாத வட்டத்துக்குள்ளே துறைமுகம், அதற்குள்ளே கப்பல், கப்பலுக்குள்ளே பாய்மரம், துடுப்பு!

இது மண்ணுக்குள் போகிறது. ஈரமும் காற்றும் சேர, முதலில் உலோகத்தை ஒட்டிச் சிவப்பாக ஒரு மெல்லிய படலம். அதற்கு மேல் மெள்ள மெள்ளப் பச்சை. மாலகைட் என்று ஒரு பச்சைக் கல் இருக்கிறதே, அதே பொருள்தான் இது. ஊர் மண்ணுக்குத் தக்கபடி நிறமும் மாறும். ஒன்று பாசிப் பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். சிரியா பக்கத்து வறண்ட நிலத்தில் கிடைக்கிற காசில் பள்ளமெல்லாம் மணல் நிறம், மேடெல்லாம் கருமை. கல்வெட்டில் மாவு பூசிப் படிப்போமே, அந்த மாதிரி எழுத்தும் முகமும் எழுந்து நிற்கும். பூசியது யார்? பூமி! (கைதட்டல்)

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்தப் பச்சை, காசின் மேலே யாரோ அடிச்ச சாயம் இல்லை. உலோகத்தின் மேல்தோல்தான் பச்சையாக மாறியிருக்கு. அப்படின்னா நீரோவின் மூக்கு எங்கே இருக்கு? அந்தப் பச்சையிலே இருக்கு. கப்பல் எங்கே இருக்கு? அந்தப் பச்சையிலே இருக்கு. அமிலத்தில் போட்டீங்கன்னா பச்சை கரையும். கூடவே மூக்கும் கரையும். ஓஸ்தியா துறைமுகத்துக் கப்பலெல்லாம் உங்க கிண்ணத்திலே மூழ்கிடும்!

எதிரணித் தலைவர் சும்மா விட்டாரா? சைவ சித்தாந்தத்துக்கே போயிட்டார். "செம்பிலே களிம்பு போல உயிரிலே ஆணவ மலம், களிம்பு நீங்கினால்தான் பொன்னாகும்" என்றார். ஐயா, உயிருக்கு மலம் நீங்கினா சிவம் தெரியும். காசுக்குக் களிம்பு நீங்கினா என்ன தெரியும்? அம்மைத் தழும்பு மாதிரி குழி தெரியும்! (பலத்த கைதட்டல்)

களிம்பிலே நோயும் உண்டு, மறுக்கலை. உப்பு ஏறின காசில் வெளிர்பச்சையாகத் தூள் பூக்கும். ஈரம் பட்டா காசையே தின்னும். அதை அருங்காட்சியகத்து வேதியியலார் கவனிக்கட்டும். அது வைத்தியம், துலக்கல் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலே, படுவா நகரத்தில், ஜொவான்னி தா கவீனோ என்று ஒரு கலைஞர். ரோமானியக் காசைப் போலவே அச்சு வெட்டி அடித்தார். அத்தனை அருமை! முகம் வந்தது, எழுத்து வந்தது. ஆனா 1,500 வருஷத்தை எந்த அச்சிலே அடிக்கிறது? அதனால்தான் போலிக்காரர்கள் மருந்து தடவிப் பச்சை ஏற்றிப் பார்க்கிறார்கள். நகத்தால் சுரண்டினாலே பல காசுகளின் சாயம் வெளுத்துப் போகும். உண்மையான பச்சை அப்படி லேசில் வராது. அது காசுக்கு மண் கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதைத் தேய்ச்சுக் கழுவிட்டு, அப்புறம் "இது அசல்தான்"னு சத்தியம் பண்ணினா யார் நம்புவாங்க?

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசு பளபளக்கலையான்னு கேட்டார் இன்னொரு நண்பர். தங்கத்துக்குக் களிம்பே கிடையாதே! இந்த வழக்கிலே அது வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் கிடைத்த செப்புக் காசுகளை நினைச்சுப் பாருங்க. 4, 5ஆம் நூற்றாண்டுக்காரை. விரல் நகம் அளவு. கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. அதில் மிச்சமிருப்பது நாலு எழுத்து, அரை முகம். ஒரு தடவை புளி போட்டா அதுவும் போச்சு.

நடுவர் மணியிலே கை வைக்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு சொல்லுது. துலக்கிட்டுத் தெரிவிக்கணும்னு எந்தப் பிரிவிலேயும் இல்லீங்க! (சிரிப்பு, கைதட்டல்)