முத்திரையும் கைத்திறனும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிரெஞ்சு தேசத்தில் கையினாற் சித்திரந் தீட்டப்பெற்ற பழம் பீங்கான் உண்கலங்களைச் சேகரிப்பது, பல நாடுகளிலும் பலர் மேற்கொண்டுள்ள விருப்பமாகும். அது பொருட்செலவு மிக்கது, ஏமாற்றத்திற்கும் இடந்தருவது. ஆதலின், கலத்தின் அடியிலுள்ள முத்திரையை மட்டும் நம்பி விலை கொடுத்தல் தகாதென்பதை விளக்க முற்படுகின்றோம்.

1740ஆம் ஆண்டளவில் பாரிசை அடுத்த வேன்சேனில் தோன்றிய தொழிற்சாலை, 1756இல் சேவ்ர் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னர் அதனைத் தமதாக்கிக் கொண்டார். பின்னிய இரண்டு 'எல்' எழுத்துக்களே அதன் முத்திரை. 1753 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் அதனுடன் இடப்பட்டு வந்தது; சித்திரக்காரரும் தத்தம் அடையாளத்தை இட்டனர். இத்துணைத் தெளிவான குறிகள் இருக்க, ஐயம் எங்ஙனம் எழும் என்பீர்கள்.

1800இல் அத்தொழிற்சாலையின் தலைமையேற்ற பிரோஞ்ஞியார் என்பார், தேங்கிக்கிடந்த வெள்ளைக் கலங்களைப் பெருந்தொகையாக விற்றுவிட்டார். வாங்கிய வெளியார் அவற்றின்மேல் பூவும் பொன்னும் தீட்டிப் பழைய முத்திரையையும் இட்டனர். கலம் மெய், சித்திரமும் முத்திரையும் பொய். தட்டின் நடுவே அரசர், அரண்மனைச் சீமாட்டிகள் ஆகியோரின் முகங்கள் விளங்கும் கலங்களிற் பெரும்பாலன இத்தகைய பிற்கால வேலைகளே.

பொய்யை உணர்த்தும் சான்றுகளும் உள. குரோமியம் என்னும் உலோகம் 1797இல் தான் கண்டறியப்பட்டது. 1760ஆம் ஆண்டின் குறியுடைய கலத்தில் குரோமியப் பச்சை வண்ணம் காணப்படின், அது பின்னர்த் தீட்டப்பட்டதே. பழைய மென்பீங்கானில் வண்ணம் மெருகினுட் கசிந்து கலந்து நிற்கும். வன்பீங்கானிலோ மெருகின்மேல் தங்கும். கலத்தை ஒளியிற் சாய்த்துப் பார்ப்பின் இவ்வேறுபாடு புலனாகும்.

வன்பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண் 1768இல் லிமோழ் நகரை அடுத்த சேன் இரியேயிற் கிடைத்தது. 1771இல் லிமோழிலும் பீங்கான் தொழில் தொடங்கிற்று. லிமோழ்க் கலங்களில் இரு முத்திரைகள் இருத்தலுண்டு: ஒன்று வெள்ளைக் கலத்தைச் செய்தவருடையது, மற்றொன்று சித்திரந் தீட்டியவருடையது. அச்சுப் படத்தை ஒட்டி, மேலே சிறிது வண்ணம் பூசிய கலங்களும் மிகுதி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. சிறு புள்ளிகள் ஒழுங்காகத் தோன்றின் அஃது அச்சு. தூரிகையின் கோடு தடித்தும் மெலிந்தும் சென்றால் அது கைவேலை.

இன்னுமொன்று இல்லத்தரசியர் கருதத்தக்கது. பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஆதலின் புளிப்புள்ள உணவை அவற்றில் இடலாகாது. பொன் வேலையைத் தேய்த்துத் துலக்கினால் பொன் நீங்கிவிடும். மெல்லிய துணியால் துடைத்தலே போதும்.

பிற்காலத்தார் தீட்டிய சித்திரத்திலும் அழகுண்டு. தன் பெயரால் விற்கப்படின் அது நேர்மையான பண்டமே. பிறர் முத்திரையைத் தாங்கும்போது வாங்குவோன் பொருளை இழக்கின்றான். தீட்டியவன் தன் புகழை இழக்கின்றான். ஆதலின் விலை கேட்குமுன் கலத்தைக் கையிலெடுத்து ஆராய்வீர்களாக என வேண்டி, இவ்வுரையை முடித்துக்கொள்கின்றோம்.