கஞ்சித் தொட்டியும் சர்க்கார் கடமையும்

"ஏழையைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர்கள் பாதிரிமார்கள்தானே? அவர்கள் கருணையை நீங்கள் குறை சொல்லலாமா?" என்று நம்மைச் சிலர் கேட்கிறார்கள். நாம் அதைக் குறை சொல்ல வரவில்லை. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்திற்று. இலை போடுமுன் ஜாதி கேட்ட சத்திரங்கள் மலிந்த நாட்டில் அது பெரிய காரியமேயாகும். அதை மறைப்பது யோக்கியமல்ல.

ஆனால், ஏழையின் வயிறு பிறருடைய கருணையை நம்பியிருக்கலாமா என்பதே நமது கேள்வி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை ஜில்லாவும் அதற்குத் தப்பவில்லை. அப்போது ஆண்டவர்கள் கிறிஸ்தவர்களே. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வந்து, பஞ்ச வேலை செய்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதுமென்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதைக் கண்டித்தார். தானியம் கப்பலேறுவதையும் சர்க்கார் தடுக்கவில்லை. அதே ஆண்டில் லண்டன் மேயர் திறந்த நிதிக்குச் சீமைக் கிறிஸ்தவர்கள் தாராளமாய்ப் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்லவர்களே. ஆனால் சர்க்கார் கூலியைக் குறைத்து எலும்பாக்கிய பிறகு, கருணை வந்து கஞ்சி ஊற்றி எத்தனை உயிரைக் காக்கும்? லட்சக்கணக்கில் மாண்டார்கள்.

அதே வெள்ளைக்கார சர்க்கார் 1887இல் தொடங்கி 1895இல் பெரியாற்று அணையை முடித்தது. மலையைக் குடைந்து தண்ணீரை வைகைக்குத் திருப்பியது. அது கருணையால் நடந்ததல்ல; லாப நஷ்டக் கணக்குப் பார்த்து நடந்தது. ஆனாலும் கஞ்சித் தொட்டி அன்றைய பசியைத்தான் தீர்த்தது. அணையோ மேலூர் வயல்களுக்குத் தலைமுறை தலைமுறையாய் நீர் கொடுத்தது. இப்பேர்ப்பட்ட காரியத்தை எந்தப் புண்ணியவான் தனியே செய்ய முடியும்?

2022 செப்டம்பர் 15இல் இதே மதுரையில்தான், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. அங்கே பிள்ளை ஜெபம் செய்ய வேண்டியதில்லை. திருநீறு பூச வேண்டியதில்லை. பள்ளிக்கு வந்தால் போதும், தட்டு உண்டு.

2023இல் கரூர் ஜில்லாவில் ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட பெண் சமைத்தாளென்று சில பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ணவிடவில்லை. தர்மப் பிரபு ஒருவர் போடும் சோறாயிருந்தால், சச்சரவு எதற்கென்று சமையல்காரியை மாற்றியிருப்பார், கேட்பாரில்லை. இங்கேயோ கலெக்டரே போய் அந்தச் சோற்றை உண்டார். ஏன்? தீண்டாமை குற்றமென்று சட்டம் இருக்கிறது. கருணைக்கு அப்படியொரு சட்டம் இல்லை.

தோழர்களே! சர்க்காரும் வள்ளலல்ல. சோப்பு போன்றவற்றை நாம் வாங்கும்போது கொடுக்கும் வரிதான் அந்தத் தட்டில் விழுகிறது. ஆகவே, எந்த மந்திரிக்கும் அதற்காகக் கும்பிடு போடாதீர்கள். அளவு குறைந்தால் கேளுங்கள். ஜாதி பார்த்தால் புகார் எழுதுங்கள். கிறிஸ்தவத் தோழர்களுக்கும் சொல்லுகிறோம்: கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் கொடுத்ததோடு நிற்காமல், எங்களோடு வந்து சர்க்காரைக் கேளுங்கள். பிச்சை எடுப்பவனுக்கு அளவு கேட்க வாயில்லை. உரிமை உடையவனுக்கு உண்டு.