வணங்காது சென்ற வழி

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



விமானமும் கோபுரமும் புதுப்பொலிவு பெற்று, யாகசாலையிற் பூசிக்கப்பெற்ற கடங்கள் புறப்பட்டுக் கலசங்களின்மீது நன்னீர் சொரியப்பெற்ற இத்திருநாளிற் பேசுதற்குரிய பொருள்கள் பல உள. தலத்தின் பெருமை உண்டு. மூர்த்தியின் சிறப்பு உண்டு. திருப்பணிக்கு வழங்கியோரின் வள்ளன்மை உண்டு. அவற்றை விடுத்து, மனிதர் மனிதரிடத்துக் காட்டவேண்டிய எளிய மரியாதை தேய்ந்து வருவதைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். சிவபூசைக்கும் இதற்கும் என்ன இயைபு என்று அவர்கள் வினவுவர். சைவ உலகம் போற்றும் அறுபத்துமூவர் வரலாறு நமக்குக் கிடைத்ததே ஒரு மரியாதைக் குறைவின் வாயிலாகத்தான் என்பதை நினைத்தால் அவ்வியப்பு நீங்கும்.

திருவாரூர்த் திருக்கோயிலில் தேவாசிரியன் என்னும் மண்டபத்தில் ஒரு நாள் அடியார்கள் திரளாகக் கூடியிருந்தனர். புற்றிடங்கொண்ட பெருமானை வழிபட வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் அக்கூட்டத்தைக் கண்டார். இவர்களுக்கு அடியனாகும் நாள் எந்நாளோ என்னும் ஏக்கம் அவர் திருவுள்ளத்தில் எழுந்தது. எழுந்ததே ஒழிய, அருகிற் சென்று அவர்களை அவர் வணங்கவில்லை; ஒருபுறமாக ஒதுங்கி, இறைவன் திருமுன்பு நோக்கி நடந்தார். மலைநாட்டுச் செங்குன்றூரிற் பிறந்து, தலங்கள்தோறும் அடியாரை முன்னர் வணங்கிப் பின்னரே ஆண்டவனை வணங்கும் நியமம் பூண்டிருந்த விறன்மிண்டர் அங்கே இருந்தார். அவர் பொறுத்திலர். அடியாரைப் பேணாது செல்லும் வன்றொண்டர் இத்திருக்கூட்டத்திற்குப் புறம்பானவர் என்றார். அவரை வலிய ஆட்கொண்ட சிவபெருமானும் புறம்பே என்று மேலும் ஒன்று சொன்னார்!

ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சுந்தரர் நெஞ்சில் மதிப்பு இல்லாதவர் அல்லர். சேக்கிழார் பெருமான் அதனை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியிருக்கிறார். உள்ளத்தில் அன்பு நிறைந்திருந்தது. வணக்கம் புறத்தே நிகழவில்லை. அந்த நிகழாமையையே விறன்மிண்டர் குற்றமாகக் கொண்டார். "மனத்தில் மரியாதை இருந்தாற் போதாதா? கை கூப்புவதும் எழுந்து நிற்பதும் வெறுஞ் சடங்குதானே?" என்று இக்காலத்துப் பலர் கேட்கின்றனர். இளைஞர் மட்டும் கேட்பதாகச் சொல்லுதல் நேர்மையன்று. நரைத்த தலையினரும் கேட்கின்றனர். இறைவன் நெஞ்சை அறிவான். அவனுக்கு மனத்தளவில் வணக்கம் செலுத்தினும் அது சென்று சேரும். எதிரே நிற்கும் மனிதன் பிறர் நெஞ்சை அறியான். ஒரு சொல்லாலோ, ஒரு புன்முறுவலாலோ, ஓர் அடி விலகி வழிவிடுவதாலோ காட்டினாலன்றி அவனுக்கு அம்மதிப்பு இல்லாததே ஆகும்.

பின் நிகழ்ந்ததும் சிந்திக்கத்தக்கது. தம்மையே புறம்பு என்றவரைப் பெருமான் சினந்திலர். சுந்தரர்முன் தோன்றி, அடியார் பெருமையை எடுத்துக் கூறி, அவர்களைப் பாடுமாறு பணித்து, முதல் அடியையும் தாமே எடுத்துக் கொடுத்தருளினார். சுந்தரர் வெளியே வந்தார். சேய்மையில் நின்றே பல்காற் பணிந்தார். பின்னர் அணுகித் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். பதினொரு பாடல்களையுடைய அப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே விறன்மிண்டரின் திருப்பெயர் இடம்பெற்றிருக்கிறது. தம்மைப் புறத்தே நிறுத்தியவருக்கே தாம் அடியன் என்று அவர் பாடினார். அத்தொகையினின்று நம்பியாண்டார் நம்பிகளின் திருவந்தாதி பிறந்தது. அதன்பின் பெரியபுராணம் பிறந்தது. இன்று வரிசையில் முந்துபவர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, சற்றுப் பின்னே நில்லுங்கள்" என்று ஒருவர் பணிவாகச் சொல்லிப் பார்க்கட்டும். "அதைச் சொல்ல நீர் யார்?" என்பதே விடையாக வரும்.

கோயிலிலேயே இது நிகழ்கிறது என்பதுதான் வருத்தம் தருவது. கருவறையில் தீபம் காட்டும்பொழுது முன்னே நிற்பவர் கைப்பேசியை உயர்த்துகிறார். பின்னே நிற்கும் முதியவள் காண்பது சுவாமியையன்று, அந்தக் கைப்பேசியின் முதுகை. 2022ஆம் ஆண்டு இறுதியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு ஆணையிட நேர்ந்தது. அருகில் நிற்பவரை நினைக்கும் நினைவு ஒன்றே செய்திருக்க வேண்டிய காரியத்துக்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது! கையிலே மிகுந்த திருநீற்றையும் குங்குமத்தையும் தூணிலே கொட்டிச் செல்வோரும், விளக்கேற்றிய எண்ணெய்க் கையைச் சிற்பத்தின்மேல் துடைப்போரும், பிரசாதம் உண்ட தொன்னையைப் பிராகாரத்திலேயே போட்டுச் செல்வோரும் பக்தியில்லாதவர்கள் அல்லர். அவர்கள் பக்தர்களே. தமக்குப் பின்னும் ஒருவர் வருவார் என்பது மட்டும் அவர்கள் நினைவில் இல்லை.

கோயிலுக்கு வெளியே நிலைமை இதனினும் வேறன்று. பேருந்து வந்து நிற்குமுன் பலகணி வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுகின்றனர். கைக்குழந்தையுடன் ஏறியவள் அத்துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நோயாளியை ஏற்றிவரும் ஊர்திக்கு வழிவிட்டு, அதன் பின்னேயே விரைந்து தம் வண்டியை ஓட்டி முந்திக்கொள்ளும் சாமர்த்தியமும் வளர்ந்திருக்கிறது. வீட்டிற்கு வந்தவரை வாசல் வரை சென்று "வாருங்கள்" என்றழைப்பது தமிழர் வீட்டின் முதற் கடமை. இன்று வந்தவர் அமர்ந்திருக்க, வீட்டார் கையிலுள்ள திரையைப் பார்த்துக்கொண்டே தலையசைக்கின்றனர். வந்தவரும் தம் திரையைப் பார்க்கிறார். எவர்க்கும் குறையில்லை போலும்!

முன்னோர் மரியாதையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்தனர். யாரென்று அறியாத வழிப்போக்கன் இரவிற் படுத்து எழுந்து போவதற்கு வீட்டின் முகப்பில் திண்ணை இருந்தது. தலைச்சுமையுடன் வருபவன் பிறர் உதவியின்றி இறக்கிவைத்து இளைப்பாறச் சாலையோரத்திற் சுமைதாங்கிக் கல் நின்றது. வயிற்றில் மகவுடன் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். தம் வீட்டின் பெருந்துயரத்தைப் பிறன் ஒருவனின் கழுத்து வலி தீர்க்கும் கல்லாக மாற்றிய உள்ளம் எத்தகையது! மாடு உடம்பை உரசிக்கொள்வதற்கும் ஆவுரிஞ்சு கல் நட்டனர். திண்ணைகள் இன்று கம்பிக் கதவுக்குள் சென்றுவிட்டன. சுமைதாங்கிகள் சாலையை அகலப்படுத்துகையிற் பெயர்க்கப்பட்டன. தலைச்சுமை குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும் அவை நின்ற இடத்தில் வேறொன்றும் நடப்படவில்லை.

பழங்காலம் முழுவதும் பண்பு நிறைந்திருந்தது என்று சொல்லிவிடுதலும் பொருந்தாது. திண்ணையில் இடங்கொடுத்த அதே ஊர், ஒரு பகுதி மக்களைக் கோபுர வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவர்கள் நுழைந்தனர். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. வணங்கத் தவறியவரை, அவர் எத்துணைப் பெரியவராயினும், விறன்மிண்டர் புறம்பு என்றார். வணங்க வந்தவரைப் பிறப்பைக் காட்டிப் புறம்பு என்றோர்க்கு அவர் வரலாற்றிற் சான்று இல்லை. அந்நாளைய குறை ஒருவகை. இந்நாளைய குறை மற்றொருவகை. அன்று சிலரை விலக்கி நிறுத்தினர். இன்று ஒவ்வொருவரும் மற்றெல்லோரையும் விலக்கிக்கொண்டு செல்கின்றனர்.

மங்கல நாளில் நினைக்கலாகாது எனச் சிலர் கருதினும், சொல்லாமல் விடுதற்கியலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் கும்பகோணத்து மகாமகத் திருக்குளத்தருகே நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிர் நீத்தனர். அதற்குக் காரணங்கள் பல. எனினும் பெருங்கூட்டத்தில் ஒருவர் இடிக்கும் சிறு இடி அவரோடு நிற்பதில்லை. அது ஆள் மாறி ஆள் மாறிச் சென்று, முகம் அறியாத ஒருவர்மேல் முழுப் பாரமாக இறங்குகிறது. இடித்தவர் நீராடி வீடு சேர்ந்து, தாம் ஒரு தீங்கும் செய்யவில்லை என்றே எண்ணியிருப்பார்.

திருப்பணிக்கு வழங்கிய பெருமக்கள் இங்கே நிரம்ப அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் பொறுத்தருளுவார்களாக, அவர்களைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்த இராசராச சோழன், தான் கொடுத்தவற்றை மட்டுமன்றி, தமக்கை கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய எல்லாவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். அது மட்டுமோ! கோயிற்பணிக்கு வந்த ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரும், அவரவர் குடியிருந்த தெருவும் வீடும் அக்கல்வெட்டில் உள்ளன; கணக்கரும் தையற்காரரும் வண்ணாரும் நாவிதரும் உள்ளனர். பேரரசன் ஒருவன் தன் புகழ் வெட்டிய சுவரிலேயே அவர்களுக்கும் இடங்கொடுத்தான். இக்காலத்திலோ, குழல்விளக்கு ஒன்றை வழங்கிய அன்பர் தம் பெயரையும் தந்தையார் பெயரையும் விலாசத்தையும் அதன்மேற் பெரிதாக எழுதுவித்து, தாம் கொடுத்த வெளிச்சத்தைத் தாமே பாதி மறைக்கிறார். திருவள்ளுவர் பண்புடைமை என்னும் நூறாம் அதிகாரத்தை அடுத்து நன்றியில் செல்வத்தை வைத்த வைப்புமுறை இங்கே எண்ணிப் பார்த்தற்குரியது.

பாண்டி நாட்டினின்று திரும்பிய திருஞானசம்பந்தர் திருப்பூந்துருத்தியை அணுகினார். முதுமை நிறைந்த திருநாவுக்கரசர் எதிர்கொள்ளச் சென்று, எவரும் அறியாதபடி கூட்டத்துட் புகுந்து, அவருடைய சிவிகையைத் தாங்குவாரோடு தாமும் ஒருவராய்த் தாங்கி வந்தார். அப்பர் எங்கே என்று பிள்ளையார் கேட்டார். சிவிகையைத் தாங்கும் பேறு பெற்று இங்கே வருகின்றேன் என்று கீழிருந்து விடை வந்தது. கேட்ட அளவில் பிள்ளையார் பதைத்துக் கீழே குதித்து அப்பரை வணங்க, அப்பர் அதற்கு முன்னமே அவரை வணங்கினார். வயதில் மூத்தவர் யார், ஞானத்தில் உயர்ந்தவர் யார் என்ற கணக்கு அங்கே எழவில்லை. முந்திக்கொள்ளும் ஆசை மட்டும் இருவர்க்கும் இருந்தது. இக்காலத்தில் முந்துவோர்க்கும் அவர்க்கும் உள்ள வேறுபாடு, முந்தியது எதற்காக என்பதே.

இன்னும் சிறிது நேரத்தில் மகேசுவர பூசை தொடங்கும். அன்னம் இடுதலைச் சைவர் விருந்து என்று மட்டும் சொல்லாமற் பூசை என்றே சொன்னார்கள். இலையின்முன் அமர்ந்திருப்பவர் அந்நேரத்தில் மகேசுவரர். திருமண மண்டபங்களில் உண்பவரின் முதுகுக்குப் பின்னே நாற்காலியைப் பற்றிக்கொண்டு நின்று, அவர் எப்பொழுது எழுவார் என்று இலையையே பார்த்திருக்கும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. நின்றவரின் மூச்சு படும்பொழுது, உண்பவர் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்து விடுகிறார். இங்கே காத்திருப்போர்க்கெனப் பந்தலின் வடபுறத்தில் விசுப்பலகைகள் போடப்பட்டுள்ளன, தண்ணீரும் வைக்கப்பட்டுள்ளது. முதற்பந்தியில் ஓதுவார்களும், சாரங்கட்டிய தொழிலாளரும், சுதை வேலை செய்த கலைஞரும், ஊரின் முதியோரும் அமர்வார்கள். நன்கொடை வழங்கிய அன்பர்கள் அவர்களுக்குப் பரிமாற இசைந்திருக்கின்றனர்.