கூடல்வாயில் சேரும் மழை

ஓட்டு வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். சுவர்மேல் உத்திரம், உச்சியில் முகட்டு விட்டம், அங்கிருந்து சரிந்து இறங்கும் கைமரங்கள், குறுக்கே ரீப்பர், அதன்மேல் ஓடு. நாலு பக்கமும் வெளியே சரியும் கூரை என்றால் வெளிமூலைக்கு இறங்க ஒரு மூலைக் கைமரமும் உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்றைக்குக் கூடல்வாய்.

நம் சேலம், நாமக்கல் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவே திறந்த வாசல். நாலு பக்கக் கூரையும் அதை நோக்கிச் சரியும். இரண்டு சரிவுகள் சேரும் உள்மூலைதான் கூடல்வாய். வீட்டுக்கு நாலு.

ராசிபுரம் பக்கம் ஒரு வீடு. "ஏனுங்க ஆசாரி, ஓடெல்லாம் புதுசு, இந்த மூலை மட்டும் ஏன் ஒழுகுது?" என்றார் வீட்டு ஆத்தா. ஏணி வைத்து ஏறினேன். கூடல்வாயில் ஒரு சாண் அகலத் தகரம். அதில் வேப்பஞ்சருகும் அணில் சேர்த்த நாரும் அடைத்துக் கிடந்தன. தேங்கிய தண்ணீர் தகரத்தின் ஓரம் தாண்டி ஓட்டுக்கு அடியில் புகுந்திருக்கிறது. தகரத்தைத் தூக்கி அடியில் அதைத் தாங்கும் கூடல்வாய் மரத்தை விரலால் அழுத்தினேன், சோறுபோல அமுங்கியது.

ஏன் அந்த மூலை மட்டும்? கணக்கைக் கேளுங்கள். 30 பாகைச் சரிவில் கைமரம் கிடைமட்டமாக 10 அடி போனால் அதன் நீளம் பதினொன்றரை அடி. அதே உயரம் இறங்கக் கூடல்வாய் மரம் மூலைவாட்டில் 14 அடிக்குமேல் போகிறது. நீளம் பதினைந்தேகால் அடி. இறக்கம் அதேதான், தூரம் கூடிவிட்டது. அதனால் சரிவு 22 பாகையாகிவிடுகிறது. இரண்டு கூரைத் தண்ணீரும் வந்து சேரும் இடத்தில்தான் வாட்டம் குறைவு!

பாரமும் அங்கேதான். இருபுறத்துக் கைமரங்களும் குட்டையாகிக்கொண்டே வந்து அந்த ஒற்றை மரத்தில் சாய்கின்றன. 2 அடிக்கு ஒன்று வைத்தால், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கிட்டத்தட்ட 28 அங்குலம் குறையும். அதனால் கூடல்வாய்க்கு மற்றதைவிடக் கனமான, வைரம் பாய்ந்த மரமாகத் தேடுவேன்.

சீமை ஓடு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து பரவிய ஓடு அது. கூடல்வாயில் அதைக் கோணலாக வெட்டினால் ரீப்பரில் மாட்டும் காது போய்விடும். கம்பியால் கட்டச் சொல்லுங்கள்.

ராசிபுரத்து வீட்டில் புது மரம் ஏற்றி, ஒன்றரை அடி அகலத் தகரத்தை இரு ஓரமும் மடித்துப் போட்டேன். அடுத்த மழைக்கு ஆத்தா அந்த மூலைக்கு நேர் கீழே வாசலில் அண்டாவை வைத்துக் காத்திருந்தாராம்.

ஐப்பசி மழைக்குமுன் உங்கள் கூடல்வாய்ச் சருகையும் யாராவது ஏறி வழித்துவிட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.